கார மண்ணில் பழமரம்: வேரைச் சுற்றி மண்ணைத் திருத்தும் முழு வழிகாட்டி

எலுமிச்சையோ கொய்யாவோ மாவோ, மரத்தின் நுனிக்கொழுந்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். இலைப்பரப்பு முழுக்க மஞ்சளாக வெளிறி, நரம்புகள் மட்டும் பச்சை நூலால் தைத்ததுபோல் தெரிகிறதா? அடி இலைகள் நல்ல பச்சையாக இருக்கும்போதே புது இலைகள் மட்டும் இப்படி வந்தால் அது பெரும்பாலும் இரும்புப் பற்றாக்குறை. மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை. பெரும்பாலான மண்ணில் எடையில் 1 முதல் 5 சதவீதம் வரை இரும்புதான். ஆனால் பி.எச்., அதாவது மண்ணின் அமில-கார அளவு, ஓர் எண் ஏறினால் மண்நீரில் கரையும் இரும்பு ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். சோறு நிறைந்த பானைக்குப் பக்கத்தில் மரம் பட்டினி கிடக்கிறது.

என் எலுமிச்சை இரண்டு வருடம் இப்படித்தான் கிடந்தது. சத்துக் குறைவு என்று நினைத்துத் தொழுவுரம் போட்டேன், அப்புறம் யூரியா போட்டேன், தண்ணீரையும் கூட்டினேன். மஞ்சள் கூடியதே தவிர குறையவில்லை. ஒரு நாள் மரத்துக்கு ஒரு அடி தள்ளித் தோண்டியபோதுதான் பழைய சுவர்ப்பூச்சும் சுண்ணாம்புக் காரையும் கட்டிகட்டியாக வந்தன. சுவர் ஓரத்தில் கட்டட மிச்சத்தின் மேல் மரத்தை நட்டிருக்கிறேன். கொட்டின உரமெல்லாம் வீண். முதலில் மண்ணைத் தெரிந்துகொண்டிருந்தால் அந்த இரண்டு வருடமும் மிச்சமாகியிருக்கும். அதனால் இந்த வழிகாட்டியும் மண்ணைச் சோதிப்பதிலிருந்தே தொடங்குகிறது.

1. உங்கள் மண் எந்த வகை?

பி.எச். 7-க்கு மேல் இருந்தாலே கார மண் என்று பொதுவாகச் சொல்கிறோம். பெரும்பாலான பழமரங்களுக்கு 6 முதல் 7 வரை சுகம், 7.5 வரை சமாளித்துக்கொள்ளும். அதற்கு மேல் போகும் மண்ணில் இரண்டு வேறு வேறு வகைகள் உண்டு. இரண்டுக்கும் மருந்து ஒன்றல்ல. இதைப் பிரித்தறியாமல் ஜிப்சம் (கால்சியம் சல்பேட்) வாங்கிக் கொட்டுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு.

ஒன்று சுண்ணாம்பு மண். சுண்ணாம்பு, அதாவது கால்சியம் கார்பனேட், தூளாகவோ வெள்ளைக் கட்டிகளாகவோ மண்ணில் கலந்திருக்கும். பி.எச். பொதுவாக 7.5 முதல் 8.4 வரை. இன்னொன்று களர் மண். இதில் சோடியம் மிகுந்திருக்கும், பி.எச். 8.5-ஐத் தாண்டும். ஈரத்தில் வழுக்கும் சேறு, காய்ந்தால் பாறை.

சுண்ணாம்பு மண்ணைக் கண்டுபிடிக்க ஒரு கைப்பிடி காய்ந்த மண் போதும். கண்ணாடிக் கிண்ணத்தில் போட்டு, முதலில் மழைநீரோ காய்ச்சி வடித்த நீரோ சில துளி விட்டு நனையுங்கள். இதைத் தவறவிடாதீர்கள். காய்ந்த மண்ணுக்குள் இருக்கும் காற்றும் குமிழாக வெளிவந்து உங்களை ஏமாற்றிவிடும். நனைந்த பிறகு வெள்ளை வினிகரை ஒரு கரண்டி ஊற்றுங்கள். சுண்ணாம்பு நிறைய இருந்தால் நுரைத்துப் பொங்கும். கொஞ்சமாக இருந்தால் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கிண்ணத்தைக் காதருகே கொண்டுபோனால் சோடா திறந்த பிறகு கேட்குமே, அந்த மெல்லிய சிசிசி சத்தம் கேட்கும்.

களர் மண்ணுக்குச் சோதனை வேறு. பட்டாணி அளவுள்ள காய்ந்த மண்கட்டி ஒன்றை ஒரு தட்டு மழைநீரில் மெதுவாக வைத்துவிட்டு, ஆட்டாமல் அசைக்காமல் விட்டுவிடுங்கள். நல்ல மண்கட்டி உதிரலாம், ஆனால் நீர் தெளிவாகவே இருக்கும். சோடியம் மிகுந்த கட்டியைச் சுற்றிப் பால் கலந்ததுபோல வெண்மேகம் படரும். சில மணி நேரம் கழித்தும் அது அடியில் படியாது.

இவை வீட்டுச் சோதனைகள். இவற்றோடு ஒரு முறை மண் பரிசோதனை நிலையத்துக்கும் மண் அனுப்பிவிடுங்கள். மரம் வரப்போகும் பகுதியில் ஐந்தாறு இடங்களில் மேல்குப்பையை ஒதுக்கிவிட்டு, 0 முதல் 30 செ.மீ. வரை ஒரு மாதிரி, 30 முதல் 60 செ.மீ. வரை தனியாக இன்னொரு மாதிரி எடுங்கள். ஒவ்வொன்றையும் தனித்தனியே கலந்து நிழலில் உலர்த்தி, அரைக் கிலோ அளவுக்குக் குறைத்து அனுப்பலாம். பி.எச்., மின்கடத்துத் திறன், சுண்ணாம்புச் சதவீதம், அங்ககக் கரிமம், மணிச்சத்து (பாஸ்பரஸ்) ஆகிய ஐந்தையும் கேளுங்கள். மின்கடத்துத் திறன் மீட்டருக்கு 4 டெசிசீமென்சுக்கு மேல் வந்தால் மண்ணில் உப்பும் இருக்கிறது. முதலில் நல்ல நீரால் அதைக் கழுவி வெளியேற்ற வேண்டும். குத்திப் பார்க்கும் விலை மலிந்த பி.எச். கருவிகளை நம்பாதீர்கள்.

2. மண் முழுவதையும் அமிலமாக்க முடியுமா?

கந்தகம் போட்டால் பி.எச். இறங்கும் என்று எங்கும் சொல்வார்கள். உண்மைதான். மண்ணில் வாழும் பாக்டீரியாக்கள் கந்தகத்தைக் கந்தக அமிலமாக மாற்றுகின்றன. ஆனால் சுண்ணாம்பு மண்ணில் கணக்கு எங்கே போகிறது பாருங்கள்.

ஒரு சதுர மீட்டர் பரப்பில், 15 செ.மீ. ஆழத்துக்கு இருக்கும் மண் ஏறக்குறைய 200 கிலோ. அதில் 5 சதவீதம் சுண்ணாம்பு என்றால் 10 கிலோ. ஒரு கிலோ கந்தகம் முழுக்க அமிலமானாலும் சுமார் 3 கிலோ சுண்ணாம்பைத்தான் கரைக்கும். ஆக ஒரு சதுர மீட்டருக்கே 3 கிலோவுக்கு மேல் கந்தகம் வேண்டும். நடுத்தர மரம் ஒன்றின் வேர் 20 சதுர மீட்டருக்குப் பரவும் என்று வைத்தால் 60 கிலோவைத் தாண்டுகிறது. அதுவும் மேல் 15 செ.மீ. மண்ணுக்கு மட்டும். சுண்ணாம்பு தீரும்வரை பி.எச். பெரிதாக நகரவே நகராது. வினிகர் ஊற்றுவது இன்னும் மோசம். அன்று நுரைக்கும், சில நாளில் நுண்ணுயிர்கள் அதைத் தின்று தீர்த்துவிடும், மண் பழைய நிலைக்கே வந்துவிடும்.

இதைக் கேட்டு மனம் தளர வேண்டாம். மரம் தோட்டத்து மண் முழுவதிலும் வாழ்வதில்லை. வேர்நுனியைச் சுற்றியுள்ள சில மில்லிமீட்டர் மண்ணில்தான் அது உண்கிறது, குடிக்கிறது. அந்த மெல்லிய படலத்தின் பி.எச்., சுற்றியுள்ள மண்ணைவிட ஒரு எண்ணோ அதற்கு மேலோ வேறுபடலாம். வேரே அமிலம் கசியவிட்டு அப்படிச் செய்கிறது. நம் வேலை அந்த வேருக்குத் துணை நிற்பது. வேர் ஓடும் இடங்களில் சில பகுதிகளை நல்ல மண்ணாக்கிவிட்டால் போதும், மீதி எப்படி இருந்தாலும் மரம் பிழைத்துக்கொள்ளும். இனி வரும் படிகள் எல்லாம் இந்த ஒரு எண்ணத்தில்தான் நிற்கின்றன.

சுண்ணாம்பே இல்லாத, வினிகருக்குச் சத்தமே போடாத மண்ணுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே கந்தகம் நன்றாகவே வேலை செய்யும். ஒரே தடவையில் சதுர மீட்டருக்கு 100 கிராமைத் தாண்டாமல் போட்டு, மேல் மண்ணில் கொத்திக் கலந்து, ஈரமாக வைத்திருந்து, ஆறு மாதம் கழித்து பி.எச். பார்த்துவிட்டு அடுத்த தவணை. நீர் தேங்கும் இடத்தில் மட்டும் கந்தகம் போடவே கூடாது. காற்றில்லாத சேற்றில் அது அழுகிய முட்டை நாற்றத்தோடு வேருக்கு நஞ்சாக மாறும்.

3. களர் மண்ணாக இருந்தால்

இங்கேதான் ஜிப்சத்துக்கு வேலை. ஜிப்சத்தின் கால்சியம் மண்துகளில் ஒட்டியிருக்கும் சோடியத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்காரும். தள்ளப்பட்ட சோடியத்தை நீர் ஊற்றி வேருக்குக் கீழே இறக்க வேண்டும். வடிகால் இல்லாமல் ஜிப்சம் போட்டால் பாதி வேலைதான் நடக்கும். சரியான அளவைப் பரிசோதனை முடிவு சொல்லும். பெரும்பாலும் சதுர மீட்டருக்கு அரைக் கிலோ முதல் ஒரு கிலோ வரை வரும். தூளாகத் தூவி, 10 முதல் 15 செ.மீ. ஆழத்தில் கலந்து, பாத்தி கட்டி நல்ல நீரைத் தேக்கி வடியவிடுங்கள். மழைக்காலத்துக்குச் சற்று முன் செய்தால் மழையே கழுவித் தந்துவிடும்.

அதன்பின் மரம் நடும் முன் ஒரு பருவம் தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் தறுவாயில், 45 முதல் 50 நாளில், மடக்கி மண்ணோடு சேர்த்துவிடுங்கள். களரைத் தாங்கி வளரும் செடி அது. அதன் வேர் போன வழியெல்லாம் பிற்பாடு நீர் இறங்கும்.

சோடியம் இல்லாத சுண்ணாம்பு மண்ணில் ஜிப்சம் பி.எச்.-ஐக் குறைக்காது. அங்கே ஏற்கெனவே கால்சியம் வேண்டிய மட்டும் இருக்கிறது.

4. தண்ணீரைக் கவனியுங்கள்

தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தின் உள்ளே வெள்ளைப் படலம் கட்டுகிறதா? சொட்டுநீர்க் குழாயின் வாயில் வெள்ளை உப்பு பூத்திருக்கிறதா? அப்படியானால் ஒவ்வொரு பாசனத்திலும் சுண்ணாம்பு ஊற்றிக்கொண்டிருக்கிறீர்கள். லிட்டருக்கு 300 மில்லிகிராம் சுண்ணாம்புக் கடினமுள்ள நீரை வாரம் 100 லிட்டர் விட்டால், வருடத்துக்கு ஒன்றரைக் கிலோ வரை சுண்ணாம்பு மரத்தடியில் சேரலாம். இத்தோடு அந்த நீரிலுள்ள பைகார்பனேட், வேர் இரும்பை எடுப்பதையும் தடுக்கிறது.

கூரை மழைநீரைச் சேர்த்து, குறைந்தது இளங்கன்றுகளுக்கும் தொட்டி மரங்களுக்கும் அதை ஒதுக்கிவையுங்கள். முடியாதவர்கள் தினம் கொஞ்சம் தெளிப்பதை விட்டு, இடைவெளி விட்டு ஆழமாக நனையும்படி பாய்ச்சலாம். மண் எப்போதும் சொதசொதவென்று இருந்தால் வேர்கள் விடும் கரியமில வாயு வெளியேற முடியாமல் அதுவே பைகார்பனேட்டாகிவிடும். நான் என் எலுமிச்சைக்குத் தண்ணீரைக் கூட்டியபோது மஞ்சள் அதிகமானதற்கு இதுதான் காரணம். பாய்ச்சுமுன் 10 செ.மீ. ஆழத்தில் விரல் விட்டுப் பாருங்கள்.

5. நடும் முறை

புதிதாக நடுபவர்களுக்கு இது பெரிய வாய்ப்பு. மரம் வளர்ந்த பிறகு அடியில் கைவைக்க முடியாது.

முதலில் 30 செ.மீ. ஆழக் குழி தோண்டி, நீர் நிரப்பி வடியவிட்டு, மறுபடி நிரப்புங்கள். மணிக்கு 2.5 செ.மீ. அல்லது அதற்கு மேல் இறங்கினால் நல்லது. ஒரு செ.மீ. கூட இறங்கவில்லை என்றால், அடியில் சுண்ணாம்புத் தட்டு இருக்கலாம். கடப்பாரையால் குத்தி உடைத்துப் பாருங்கள். கடப்பாரை கீழே மண்ணுக்குள் இறங்கினால் தட்டு மெல்லியது, வழி கிடைத்துவிட்டது. இறங்காவிட்டால் மேட்டில் நடுவதுதான் வழி.

ஆழமாகக் குழி எடுத்து, உள்ளே முழுக்க மட்கு உரமும் செம்மண்ணுமாக நிரப்புவது களிமண் நிலத்தில் ஆபத்து. சுற்றியுள்ள இறுகிய மண் ஒரு தொட்டிபோல் நின்று, குழிக்குள் நீரைத் தேக்கும். வேரும் அந்தச் சொகுசை விட்டு வெளியே போகாது. அதனால் வேர்ப்பந்தின் உயரமே ஆழம், அகலம் அதைப்போல் மூன்று மடங்கு. எடுத்த மண்ணிலேயே காரைக் கட்டி, சுண்ணாம்புக் கல் எல்லாவற்றையும் பொறுக்கி எறிந்துவிட்டு, மூன்று பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு நன்றாக மக்கிய உரம் கலந்து நிரப்புங்கள். சுண்ணாம்பு அதிகமுள்ள இடத்தில் தரைக்கு மேல் 30 முதல் 45 செ.மீ. உயரமும், ஒன்றரை மீட்டருக்குக் குறையாத அகலமும் உள்ள மேடு போட்டு அதில் நடுவேன். மேட்டு மண்ணை மழை கழுவும், காற்று புகும், மூடாக்கு, அதாவது மண்ணை மூடும் சருகுப் போர்வை, அதைத் திருத்தும். மேட்டுக்குக் கொண்டுவரும் மண்ணையும் வினிகர் விட்டுப் பார்த்துவிட்டே வாங்குங்கள்.

6. மூடாக்கு

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் செய்வேன் என்பவர்கள் இதைச் செய்யுங்கள். கிளைகள் குடைபோல் விரியும் எல்லை வரை, புல்லைச் சுரண்டி எடுத்துவிட்டு, 3 முதல் 5 செ.மீ. மக்கிய உரம் பரப்பி, அதன் மேல் 8 முதல் 10 செ.மீ. உயரத்துக்குச் சருகு, நறுக்கிய சுள்ளி, வைக்கோல் என்று கிடைப்பதைப் போடுங்கள். தண்டைச் சுற்றி ஒரு சாண் வெறுமையாக இருக்கட்டும். இல்லாவிட்டால் பட்டை அழுகும்.

சருகு மக்கும்போது உண்டாகும் அங்கக அமிலங்கள் சுண்ணாம்பை ஓரளவு கரைக்கும். அதைவிட முக்கியம், அவை இரும்பையும் துத்தநாகத்தையும் பிடித்துக்கொண்டு கரைந்த நிலையிலேயே வேர்வரை கொண்டுபோகும். சருகு தாழ்ந்து கரைந்துவிடும் என்பதால் வருடத்துக்கு இரண்டு தடவை மேலே சேர்க்க வேண்டும். இரண்டாவது வருடம் ஒரு பிடி மூடாக்கை மெல்ல விலக்கிப் பாருங்கள். பழைய இலைகள் கறுத்துப் பஞ்சாக மாறியிருக்கும். அந்தக் கறுப்புக்கும் பழைய மண்ணுக்கும் நடுவே வெள்ளை வெள்ளையாக மயிர்வேர்கள் பின்னிக் கிடக்கும். என் எலுமிச்சையில் அதைப் பார்த்த அன்று, கீழிருந்த காரையைப் பற்றிய கவலை எனக்குப் பாதி போய்விட்டது. மரம் தனக்கென்று ஒரு புது மண்ணைக் கண்டுபிடித்திருந்தது.

சேர்க்கக் கூடாதவையும் உண்டு. அடுப்புச் சாம்பல் காரம், முட்டை ஓடு சுண்ணாம்பு. முட்டைக்கோழிப் பண்ணை எருவிலும் தீவனச் சுண்ணாம்பு கலந்திருக்கும். காபித் தூள் சக்கை மண்ணை அமிலமாக்கும் என்பதும் பெரும்பாலும் நம்பிக்கைதான். வடித்த பிறகு அதில் மிஞ்சும் அமிலம் குறைவு. மட்கில் கலக்கலாம், மருந்தாக எண்ண வேண்டாம்.

7. வளர்ந்த மரத்துக்குக் கந்தகக் குழிகள்

ஏற்கெனவே நிற்கும் மரத்துக்கு, முன்பு சொன்ன 60 கிலோ கணக்கைத் தாண்டும் தந்திரம் இது. குடை விரியும் எல்லையை ஒட்டி வட்டமாக, 60 செ.மீ.க்கு ஒன்று என்று கடப்பாரையால் 30 முதல் 40 செ.மீ. ஆழத் துளைகள் போடுங்கள். தடித்த வேர் தட்டினால் ஒரு கை தள்ளிக் குத்துங்கள். ஒவ்வொரு துளைக்கும் 50 கிராம் கந்தகத் தூள், 50 கிராம் அன்னபேதி எனப்படும் இரும்பு சல்பேட், மீதிக்கு மட்கு உரம். நன்றாகக் கலந்து, மேலே 10 செ.மீ. விட்டு நிரப்பி, மண்ணால் மூடி நீர் விடுங்கள்.

இதையே முழு நிலத்திலும் தூவினால் சுண்ணாம்பு விழுங்கிவிடும். ஓரிடத்தில் குவித்து வைக்கும்போது அந்தக் கைப்பிடி மண்ணில் மட்டும் அமிலம் வெல்கிறது, இரும்பு கரைந்து நிற்கிறது, பக்கத்து வேர்கள் தேடி வருகின்றன. பலன் தெரிய சில மாதங்கள் ஆகும். ஒன்றிரண்டு வருடம் கழித்து, பழைய துளைகளுக்கு நடுவே புதுத் துளைகள் போடலாம். கந்தகம் கையாளும்போது மூக்குக்குத் துணியும் கண்ணுக்குக் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். அன்னபேதி தரையில் சிந்தினால் துருக்கறை போகாது.

8. உரமும் இரும்பும்

தழைச்சத்துக்கு (நைட்ரஜன்) அமோனியம் சல்பேட் நல்லது. வேர் அமோனியத்தை உறிஞ்சும்போது அமிலத்தை வெளியே விடும், நைட்ரேட்டை உறிஞ்சும்போது தலைகீழ். கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துப் போட்டு உடனே நீர் விடுங்கள். மேலேயே கிடந்தால் கார மண்ணில் அமோனியா ஆவியாகிப் பறந்துவிடும். மணிச்சத்து உரத்தைப் பரிசோதனை கேட்டால் ஒழியப் போடாதீர்கள். அது மிகுந்தால் இரும்பும் துத்தநாகமும் இன்னும் முடங்கும்.

மரம் இப்போதே மோசமாக வெளுத்திருந்தால் முதலுதவி தேவை. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதியும் 1 முதல் 2 கிராம் சிட்ரிக் அமிலமும் கரைத்து, கலந்த உடனே, வெயில் தாழ்ந்த பிறகு இளம் இலைகளில் தெளியுங்கள். 10 முதல் 15 நாள் இடைவெளியில் இரண்டு மூன்று தடவை. முதல் நாள் ஒரு கிளையில் மட்டும் அடித்துப் பார்ப்பது நல்லது, இலை கருகுகிறதா என்று தெரிந்துவிடும். இலைகள் சிறுத்து, நுனியில் கொத்தாக நெருங்கினால் அது துத்தநாகக் குறை. லிட்டருக்கு 5 கிராம் துத்தநாக சல்பேட்டோடு இரண்டரை கிராம் நீற்றிய சுண்ணாம்பைக் கலந்து, தெளிந்த நீரை வடித்துத் தெளிக்கலாம். இலையில் படும் அளவுதான், மண்ணைக் கெடுக்காது.

மண்வழியாக இரும்பு தர, அன்னபேதியைத் தரையில் அப்படியே தூவுவது வீண். சில நாளில் துருவாகிவிடும். சீலேட் இரும்பு, அதாவது துருவாகாதபடி ஒரு அங்ககப் பொருள் பிடித்துவைத்திருக்கும் இரும்பு, வாங்கினால் பொட்டலத்தில் உள்ள எழுத்துகளைப் படியுங்கள். இ.டி.டி.ஏ. (EDTA) வகை பி.எச். 6.5 வரைதான் தாங்கும், டி.டி.பி.ஏ. (DTPA) 7.5 வரை. இந்த மூன்றில் சுண்ணாம்பு மண்ணில் நிற்பது இ.டி.டி.எச்.ஏ. (EDDHA) மட்டுமே. பெயர்கள் காதுக்கு ஒன்றுபோல ஒலிக்கும், விலை அதிகமான வகைதான் உங்களுக்கு வேண்டியது. நீரில் கரைத்தால் ஆழ்ந்த சிவப்பாக இருக்கும். சின்னக் கன்றுக்கு 10 முதல் 20 கிராம், காய்க்கும் மரத்துக்கு 50 முதல் 100 கிராம் என்பது வழக்கமான அளவு, பொட்டலத்தில் போட்டிருப்பதே முடிவு. வெயில் பட்டால் சிதையும் என்பதால் மூடாக்கை விலக்கி ஊற்றி, மறுபடி மூடிவிடுங்கள். கொழுந்து விடத் தொடங்கும் நேரம்தான் இதற்குச் சரி.

9. மரத்தைத் தேர்ந்தெடுப்பது

இன்னும் நடவில்லை என்றால் மண்ணுக்கேற்ற மரத்தை நடுவது மேலே சொன்ன எல்லாவற்றையும்விட எளிது. நெல்லி, இலந்தை, பேரீச்சை, மாதுளை, அத்தி ஆகியவை கார மண்ணில் நன்றாக நிற்கும். கொய்யா, சப்போட்டா ஓரளவு தாங்கும். அவகேடோ, லிச்சி, பீச் எல்லாம் சிரமம். எலுமிச்சை, ஆரஞ்சு வகைகளில் வேர்ச்செடிதான், அதாவது ஒட்டுக்கன்றில் கீழே வேராக நிற்கும் செடிதான், தீர்மானிக்கும். மூவிலை ஆரஞ்சு வேர்ச்செடி சுண்ணாம்பு மண்ணில் தவித்துப்போகும், காட்டு எலுமிச்சையும் புளிப்பு ஆரஞ்சும் தாங்கும். ஒட்டுக்கன்று வாங்கும்போது மேல் ரகத்தைக் கேட்பதுபோல வேர்ச்செடியையும் கேளுங்கள். புளூபெர்ரி மீது ஆசை இருந்தால், பி.எச். 4.5 முதல் 5.5 வேண்டும் அதற்கு, தொட்டியில் தனிக்கலவையும் மழைநீருமாக வளர்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

10. எப்போது, எதைப் பார்ப்பது

ஏற்கெனவே மஞ்சளான இலை மண்வைத்தியத்தால் முழுப் பச்சைக்குத் திரும்புவது அரிது. அதையே பார்த்துக்கொண்டு இன்னும் இன்னும் உரம் போடாதீர்கள். அடுத்த கொழுந்தைப் பாருங்கள். ஒவ்வொரு தளிர்ப்பிலும் ஒரே கிளையை ஒரே வெளிச்சத்தில் படம் எடுத்துவைத்தால் மாற்றம் தெளிவாகத் தெரியும். இரண்டு வருடம் கழித்து மறுபடி மண் அனுப்பும்போது, மூடாக்குக்கு அடியில் 0 முதல் 10 செ.மீ. மண்ணைத் தனியாகவும், மூடாக்கு இல்லாத பக்கத்து மண்ணைத் தனியாகவும் எடுத்து அனுப்புங்கள். அந்த இரண்டு எண்களுக்கும் நடுவே உள்ள வித்தியாசத்தைப் பார்த்து, அடுத்த வருடம் கந்தகக் குழி வேண்டுமா, சருகு மட்டும் போதுமா என்று முடிவு செய்யலாம்.